ஸ்டீல் கைக்கடிகாரத்துக்கு வீட்டில் பீட் பிளாஸ்டிங் செய்யலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: அமெரிக்காவிலுள்ள உங்கள் மைத்துனர், கீறல் விழுந்து திட்டுத்திட்டாகிவிட்ட தன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிஸ்டலை வீட்டுக் கராஜிலேயே பீட் பிளாஸ்டிங் செய்து, அதாவது நுண்ணிய கண்ணாடி மணிகளை அமுக்கிய காற்றால் வீசியடித்து, ஒளி தெறிக்காத ஒரே சீரான சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். உங்கள் தந்தையார் அணிந்த பழைய டைவிங் கைக்கடிகாரத்தின் உடலையும் அதன் ஸ்டீல் செயினையும் அதே முறையில் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் நீங்களே செய்துகொள்ள முடியுமா? உடலை மட்டும் என்றால் முடியும்; செயினை விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. பீட் பிளாஸ்டிங் என்ற வேலையில் மணியை வீசியடிக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் மிக எளிதானவை. அதற்கு முன் உலோகத்தை எப்படித் தயார் செய்தீர்கள், எந்த மணியை எந்தக் காற்றோடு அடித்தீர்கள், அடித்த பிறகு எப்படிக் கழுவினீர்கள் என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. கடலுக்கு இவ்வளவு அருகில் வசிப்பவருக்குக் கடைசியாகச் சொன்ன கழுவுதல் எல்லாவற்றிலும் முக்கியமானது.

முதலில் மைத்துனரின் செய்முறையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கான காரணத்தைச் சொல்கிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பது ஒரே உலோகமன்று, குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த பல உருக்குகளுக்கான பொதுப்பெயர் அது. பிஸ்டலின் மேற்பகுதி பெரும்பாலும் 416 போன்ற, சூடேற்றிக் கடினமாக்கக்கூடிய, காந்தம் பிடிக்கும் வகையால் செய்யப்படுகிறது. கடைசலில் எளிதாக வெட்டுவதற்காக அதில் கந்தகம் சேர்ப்பார்கள்; அதனால் அதன் துரு எதிர்ப்பு குறைவு, அடித்த பிறகு சுத்திகரிக்க இடும் அமிலக் குளியலில் சட்டென்று கறுத்துப்போகும் அபாயமும் உண்டு. கைக்கடிகார உடல்களில் வழக்கமாக இருப்பது 316எல்: 16 முதல் 18 சதவீதம் குரோமியம், 10 முதல் 14 சதவீதம் நிக்கல், 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம், மிகக் குறைந்த கரிமம். இந்த மொலிப்டினம்தான் கடலுப்பிலுள்ள குளோரைட்டுக்கு எதிராக நிற்கிறது. ரோலெக்ஸ் 1985 முதல் இதைவிட உயர்ந்த 904எல் வகையைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆகவே துவக்குக்கு எழுதப்பட்ட அமில அளவுகளையும் எண்ணெய்ப் பூச்சுகளையும் கடிகாரத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. உங்களுடைய உலோகம் அதைவிட நல்லது. துவக்கு தொடர்பாக இங்குள்ள நிலை வேறு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையிலுள்ள இலங்கையில், இலக்கம் பொறிக்கப்பட்ட ஒரு சுடுகலனின் மேற்பரப்பை வீட்டில் வைத்து அடிப்பது யாரும் முயலத்தக்க பொழுதுபோக்கு அன்று.

இனி உங்கள் கடிகாரம். அது உண்மையிலேயே முழுக்க ஸ்டீல்தானா என்பதை உறுதிசெய்யாமல் எதையும் தொடாதீர்கள். பழைய கடிகாரங்கள் பலவற்றின் உடல் பித்தளை அல்லது வேறு மலிவான உலோகத்தில் வார்க்கப்பட்டு, மேலே குரோமியம் முலாம் பூசப்பட்டிருக்கும். பின்மூடி மட்டுமே ஸ்டீல். பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அந்தக் கடைசிச் சொல் உங்களை எச்சரிக்கிறது: ஸ்டீல் என்பது பின்மூடி மட்டுமே. காந்தம் வைத்துப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. 316எல்லும் காந்தம் பிடிக்காது, பித்தளையும் பிடிக்காது. செயின் கோக்கும் கொம்புகளின் உட்புறத்தையும், தோலில் உராயும் கீழ்விளிம்பையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மஞ்சள் நிறம் எட்டிப்பார்த்தாலோ, மேற்பூச்சு கொப்புளமிட்டுச் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தாலோ அது முலாம். மணி பட்டதும் அந்த முலாம் போய்விடும், பிறகு திரும்ப முலாம் போடுவதைத் தவிர வழியில்லை. கறுப்புப் பூச்சுப் பூசிய உடல்களுக்கும் இதே கதிதான்.

அதன் மூலத்தோற்றம் என்னவாக இருந்தது என்பதையும் ஒரு கணம் யோசியுங்கள். சில கடிகாரங்கள் தொழிற்சாலையிலேயே மணியடித்து மங்கலாக்கப்பட்டவை. ஜெர்மனியின் பிராங்பேர்ட்டிலுள்ள சின் என்ற கடிகார நிறுவனம் இதற்குப் பெயர்போனது. ஒளி தெறித்தால் விமானியின் கண்ணையும் பறிக்கும், படைவீரன் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும் என்பதால் வந்த தோற்றம் அது. அத்தகைய உடலை மீண்டும் அதே தோற்றத்துக்குக் கொண்டுவருவது புதுப்பித்தல். ஆனால் பக்கங்கள் கண்ணாடிபோல் மெருகிட்டும் மேற்புறம் ஒரே திசையில் மெல்லிய கோடுகளாக இழையோடியும் கூர்மையான விளிம்புகளோடு வந்த ஒரு கடிகாரத்தை மங்கலாக்கினால், சேகரிப்பவர் கண்ணில் அதன் மதிப்பு குறைந்துவிடும்; அந்த விளிம்பு திரும்பி வராது. உங்கள் தந்தையாருடையது விற்பதற்கு அன்று என்றால் இது உங்களைத் தடுக்க வேண்டியதில்லை.

வீசியடிக்கும் பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் அதிகம் குழப்பம் நிலவுகிறது. 1870இல் பெஞ்சமின் டில்மன் என்ற அமெரிக்கர் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றபோது வீசியது மணலைத்தான்; அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதால், சாண்ட் பிளாஸ்டிங் என்று கேட்டதும் நம்மவர் சிலர் கட்டடத்துக்கு இறக்கிய மணலை அரித்து, வீசியடிக்கும் கருவியான 'துப்பாக்கி'யில் போட்டுவிடுகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. மணல் பளிங்குருவான சிலிக்கா. வேகமாக மோதி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலின் அடிவரை சென்று தழும்பாக்கிவிடும். சிலிக்கோசிஸ் எனப்படும் அந்த நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. பிரித்தானியா 1949ஆம் ஆண்டின் விதிகளாலேயே மணலை வீசியடிக்கும் தொழிலிலிருந்து விலக்கியது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் பளிங்குருச் சிலிக்காத் தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்பில் சேர்த்தது. கடற்கரை மணல் என்றால் அதில் உப்பு வேறு இருக்கிறது. உங்கள் ஸ்டீலைத் துருப்பிடிக்க வைப்பதற்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

கண்ணாடி மணி வேறு. அது பளிங்குருவற்ற கண்ணாடியால் ஆன, உருண்டையான சிறு குண்டு. உருண்டையாக இருப்பதால் உலோகத்தை வெட்டாது. தட்டித் தட்டி நுண்ணிய குழிகளை உண்டாக்கும். அந்தக் குழிகளின் வளைந்த அடிப்பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிடுவதால்தான் மேற்பரப்பு மங்கலாகவும் அதே வேளையில் சற்று வெண்மையான ஒளிர்வோடும் தெரிகிறது. அலுமினியம் ஒட்சைட்டு என்பது கூர்முனைகள் கொண்ட, வைரத்தை 10 எனக் கொள்ளும் கடினத்தன்மை அளவுகோலில் 9ஆம் இடத்திலுள்ள தூள். அது வெட்டும், உலோகத்தைத் தின்னும், கருஞ்சாம்பல் நிறமான, விரலுக்குச் சொரசொரப்பான பரப்பைத் தரும். அந்தச் சொரசொரப்பில் வியர்வையும் அழுக்கும் பிடித்துக்கொள்ளும். கையில் அணியும் பொருளுக்கு 100 முதல் 200 மைக்ரோன் வரையான கண்ணாடி மணியே போதும். ஆழமான கீறல் இருந்தால் நுண்ணிய ஒட்சைட்டை முதலில் அடித்துவிட்டுப் பிறகு மணியடிப்பதாகச் சிலர் சொல்வார்கள். அது செல்லுபடியாகும் முறைதான். ஆனால் அதே கீறலை எமரித்தாளால் கையாலேயே எடுத்துவிடலாம், கட்டுப்பாடும் உங்கள் விரலிலேயே இருக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மணி புதியதாக, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கென்று தனியாக வைத்ததாக இருக்க வேண்டும். பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் வாகனச் சக்கரங்களையும் சேசிகளையும் அடித்துக் கொடுக்கும் வேலைத்தளங்கள் இருக்கின்றன. சில நூறு ரூபாவுக்கு உங்கள் கடிகாரத்தையும் அடித்துத் தரச் சம்மதிக்கலாம். அவர்களுடைய பெட்டிக்குள் சுழன்றுகொண்டிருக்கும் தூளில் நேற்று உரித்த சாதாரண இரும்பின் துகள்கள் கலந்திருக்கும். அவை உங்கள் ஸ்டீலின் மேற்பரப்பில் மோதிப் பதிந்துவிடும். வேலை முடிந்த அன்று கடிகாரம் அழகாகத்தான் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஒரு வாரத்தில் செம்புள்ளிகள் கிளம்பும். அப்போது ஸ்டீல் தரமற்றது என்று கடிகாரத்தைத் திட்டுவோம். துருப்பிடித்தது ஸ்டீல் அல்ல, அதில் ஒட்டிக்கொண்ட இரும்பு. இதே காரணத்துக்காக இரும்புக் கம்பித் தூரிகை, சாதாரண எஃகு நார் ஆகியவற்றாலும் உடலைத் தேய்க்காதீர்கள்.

அடுத்தது காற்று. வீட்டில் முயல்பவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். 3 மில்லிமீற்றர் அளவுத் துவாரமுள்ள நேரடி அமுக்கத் துப்பாக்கி 60 பிஎஸ்ஐ அமுக்கத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 13 கனஅடி காற்றைக் குடிக்கும்; கடையில் கிடைக்கும் 2 குதிரைவலுக் கொம்பிரசர் அதில் பாதியைத்தான் தரும். உருளையிலுள்ள காற்று அரை நிமிடத்தில் தீர்ந்து, அமுக்கம் சரிந்து, மணி சோர்ந்து விழும். அமெரிக்கக் கராஜ்களில் ஆளுயர உருளையோடு நிற்கும் கொம்பிரசரைப் பார்த்துவிட்டு நாம் ஏமாறுவது இதனால்தான். ஆனால் கடிகார உடல் பிஸ்டலைவிட மிகச் சிறியது, அதனால் உங்களுக்கு வேறொரு வழி திறந்திருக்கிறது: பல் தொழில்நுட்பக் கூடங்களில் பேனா வடிவத்தில் ஒரு வீசுகருவி இருக்கும். அதன் துவாரம் சுமார் 1 மில்லிமீற்றர்தான். அதற்கு நிமிடத்துக்கு 2 கனஅடிக்கும் குறைவான காற்றே போதும். சிறிய கொம்பிரசரே அதைத் தளராமல் ஓட்டும். பல்லின் மேல் பொருத்தும் கிரவுணின் உட்புறத்தையும் வார்ப்புகளையும் சுத்தம் செய்ய அவர்கள் 50 மைக்ரோன் ஒட்சைட்டையும் கண்ணாடி மணியையும் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் அடிப்பது சாதாரண இரும்பு அல்லாத உலோகங்களையே என்பதால், மேலே சொன்ன கலப்படப் பயமும் குறைவு. பல் தொழில்நுட்பவியலாளர் ஒருவரை உங்களுக்குத் தெரியுமென்றால், கருவி வாங்குவதைவிட, மறைப்பு வேலைகளை நீங்களே செய்து முடித்து, புதிய மணி ஒரு கிலோவையும் கையில் கொண்டுபோய் அவரிடம் அரைமணி நேரம் கேட்பதே புத்திசாலித்தனம்.

வீட்டிலேயே செய்வதென்று முடிவெடுத்தால் ஈரத்தை வெல்ல வேண்டும். கொழும்பின் காற்று 30 பாகை செல்சியஸில் 80 சதவீத ஈரப்பதனோடு இருக்கும் ஒரு சாதாரண நாளில், ஒவ்வொரு கனமீற்றர் காற்றிலும் 24 கிராம் அளவு நீராவி இருக்கிறது. அதை எட்டிலொரு பங்காக அமுக்கிக் குளிரவிட்டால் அதில் 4 கிராமுக்கும் குறைவாகவே ஆவியாக நிற்க முடியும். எஞ்சிய 20 கிராமும் நீராக இறங்கும். நிமிடத்துக்கு 10 கனஅடி காற்று என்று ஒரு மணி நேரம் ஓட்டினால் மூன்றிலொரு லீற்றர் தண்ணீர். அது உருளையின் அடியிலும் குழாயிலும் கடைசியில் மணிக்குள்ளும் சேரும். மணி கட்டிபட்டுத் துவாரம் அடைத்து, விட்டுவிட்டு இருமுவதுபோல் துப்பும். எல்லாரும் நீர்வடிகட்டியைக் கொம்பிரசரின் வாயிலேயே பொருத்துகிறார்கள். அங்கே காற்று இன்னும் சூடாக இருப்பதால் நீர் ஆவியாகவே வடிகட்டியைக் கடந்து, அப்பால் குழாயில் குளிர்ந்து இறங்குகிறது. சில மீற்றர் நீளமான உலோகக் குழாயினூடாகக் காற்றைக் குளிரவிட்டு, துப்பாக்கிக்கு அருகே வடிகட்டியை வையுங்கள். உருளையின் அடித்திருகைத் திறந்து அடிக்கடி நீரை வெளியேற்றுங்கள். அடைமழை நாளில் இந்த வேலையைத் தொடங்காமலிருப்பது இவை எல்லாவற்றையும்விட மலிவான வழி.

அடிக்கும் பெட்டி என்பது மூடிய பெட்டி, கண்ணாடிச் சாளரம், இரண்டு கையுறைத் துவாரம், தூசை இழுக்கும் ஒரு வழி, அவ்வளவுதான். தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். விளிம்புகள் காற்றிறுக்கமாக இருந்தால் வேலை நடக்கும். பெட்டி இருந்தாலும் முகமூடி வேண்டும்: துணியோ சத்திரசிகிச்சை முகமூடியோ அன்று, நுண்தூசை வடிக்கும் பி-100 வடிகட்டி பொருத்திய இறப்பர் முகமூடி. கண்ணாடி மணியில் பளிங்குருச் சிலிக்கா இல்லை என்பதற்காகத் தூசு தீங்கற்றது என்று ஆகாது. உங்கள் கடிகாரத்திலிருந்து கழன்ற நிக்கலும் குரோமியமும் அதில் கலந்திருக்கின்றன. தொடர்மாடி என்பதால் கொம்பிரசரின் இரைச்சலையும் எண்ணிப்பாருங்கள். பால்கனியில் வைத்து ஓட்டினால் கீழ்வீட்டார் ஒரு தடவை பொறுப்பார்கள்.

கடிகாரத்தைக் கழற்றுவதைக் கடிகாரம் திருத்துபவரிடம் விட்டுவிடுங்கள். இயந்திரம், முகப்பு, முட்கள், கண்ணாடி, சுழலும் வளையம், சாவி, இறப்பர் வளையங்கள் எல்லாம் வெளியே வந்து வெறும் உடல் மட்டும் உங்கள் கையில் வர வேண்டும். இயந்திரத்தை உள்ளே வைத்துக்கொண்டு டேப் ஒட்டி அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரேயொரு உடைந்த மணித்துண்டு பற்சக்கரங்களுக்கிடையில் போனால் கடிகாரத்தின் கதை முடிந்தது. பிறகு எவ்விடத்தில் மணி படக்கூடாது என்று பாருங்கள்: பின்மூடி திருகும் புரிகள், இறப்பர் வளையம் அமரும் பள்ளம், கண்ணாடி அமரும் வட்டம், சாவி நுழையும் குழாய், செயின் ஊசியின் துளைகள். நீர் உட்புகாமல் தடுப்பது இந்தப் பரப்புகளின் வழவழப்புத்தான். அவற்றைச் சொரசொரப்பாக்கினால் எந்தப் புது வளையமும் காப்பாற்றாது. பின்புறத்துக்குப் பழைய பின்மூடி ஒன்றையே திருகிவிடலாம். சாவிக் குழாய்க்குச் சிறிய சிலிக்கோன் முளை. மற்ற இடங்களுக்கு மின்கம்பி டேப்பை இரண்டு மூன்று படைகளாக ஒட்டிக் கூரான கத்தியால் விளிம்பை வெட்டுங்கள். மென்மையான டேப்பில் மணி தெறித்துத் திரும்பும். காகித டேப் சீக்கிரம் கிழியும். பின்மூடியில் பொறித்த இலக்கங்களை மூடிவிடுங்கள், அவை மழுங்கினால் பாகங்கள் தேடும்போது நீங்கள்தான் திண்டாடுவீர்கள்.

மணி கீறலை மறைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது மறைக்காது. சுவரின் வெடிப்பை அடைக்காமல் மேலே வர்ணம் பூசியதுபோல, கீறல் அப்படியே இருந்து மங்கல் பரப்பினூடாகத் தெரியும், சில வேளை முன்பைவிடத் தெளிவாக. ஆகவே முதலில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் எமரித்தாளில் 240, 400, 600 என்று படிப்படியாகப் போங்கள். தாளை விரலில் சுற்றித் தேய்க்காதீர்கள். விரல் மென்மையானது, விளிம்பை உருட்டிவிடும். தட்டையான சிறு மரத்துண்டிலோ கண்ணாடித்துண்டிலோ தாளை ஒட்டி, ஒரு தளத்தை ஒரு தளமாகவே தேயுங்கள். ஆழமான ஒரு கீறலை எடுப்பதற்காக ஒரு கொம்பை மட்டும் தேய்த்து மெலியவிடுவதைவிட அந்தக் கீறலை விட்டுவைப்பது மேல். தந்தையார் அணிந்த கடிகாரத்தில் அவர் காலத்துத் தழும்பு ஒன்று இருப்பதில் குறையொன்றுமில்லை. 600க்கு மேல் போகத் தேவையில்லை, அந்தத் தாள் விடும் மெல்லிய கோடுகளை மணி எப்படியும் மறைக்கும்.

தேய்த்து முடிந்ததும் எண்ணெய் போகப் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, அசிற்றோனால் துடைத்து, கையுறையோடு மட்டும் தொடுங்கள். விரல் ரேகை பட்ட இடத்தில் மணி வேறு நிறமாகப் பதியும். அமுக்கத்தை 40 பிஎஸ்ஐயில் தொடங்கி, போதாவிட்டால் 60 வரை உயர்த்துங்கள். அதற்கு மேல் போனால் மணி உடைந்து கூர்த்துண்டாகி, தட்டுவதை விட்டு வெட்டத் தொடங்கும், தோற்றமும் மாறும். பெரிய துப்பாக்கி என்றால் 15 சென்ரிமீற்றர் அளவு தூரம். பேனா வடிவக் கருவி என்றால் அதைவிடக் கிட்ட. நேர்குத்தாக அடிக்காமல் சற்றுச் சாய்த்து, ஓரிடத்தில் நிற்காமல் கையை நகர்த்திக்கொண்டே இருங்கள். கடிகாரத்தில் தொடங்கும் முன் வீட்டிலுள்ள ஒரு பழைய ஸ்டீல் கரண்டியில் அடித்துப் பாருங்கள். கை பழகுவதற்கும், இந்தத் தோற்றம் உண்மையில் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்கும் அதைவிட மலிவான பாடம் இல்லை. முழு உடலையும் ஒரு சுற்று அடித்து, திருப்பி எதிர்த்திசையில் இன்னொரு சுற்று அடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்து விடுபட்ட இடத்தை மட்டும் தொடுங்கள்.

இப்போது பலரும் தவிர்த்துவிடும் பகுதி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலுள்ள, சில நனோமீற்றர் தடிப்பே கொண்ட குரோமியம் ஒட்சைட்டுப் படலம். மணியடித்ததும் அந்தப் படலம் உடைந்து, காற்றுப் பட்டவுடன் மீண்டும் தானாகவே உருவாகத் தொடங்கும். ஆனால் மேற்பரப்பில் அந்நிய இரும்பு இருந்தால் அவ்விடத்தில் ஓட்டை விழும். அமிலக் குளியல் அந்த இரும்பைக் கரைத்தெடுத்துக் குரோமியத்தை மேலே விடுகிறது. தொழிற்சாலைகள் நைத்திரிக் அமிலத்தைப் பயன்படுத்தும். வீட்டில் அதைத் தொட வேண்டியதில்லை. கேக் செய்யும் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் சித்திரிக் அமிலத் தூளே போதும். அமெரிக்கத் தரநியமமான ஏஎஸ்டிஎம் ஏ967, 4 முதல் 10 சதவீதச் சித்திரிக் அமிலக் கரைசலில் 49 முதல் 60 பாகை செல்சியஸில் குறைந்தது 10 நிமிடம் என்பதை ஏற்றுக்கொண்ட முறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஒரு லீற்றர் நீருக்கு 60 கிராம் தூள், கண்ணாடிப் பாத்திரம், சமையல் வெப்பமானி. இவ்வளவும் எல்லார் வீட்டிலும் கைக்கெட்டும். நீராகப் பற்றரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த நீரையே எடுங்கள், பற்றரி அமிலப் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். மலசலகூடம் கழுவும் அமிலமும் வெளிற்றும் திரவமும் இதற்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. முன்னையது உலோகத்தையே அரிக்கும், பின்னையதிலுள்ள குளோரின் குழி விழுத்தும்.

அமிலத்தில் இடும் முன் மணித்துகள் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். டேப்பின் பசையை அசிற்றோனால் எடுத்து, புரிகளையும் துளைகளையும் நைலோன் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் மீயொலித் தொட்டி கிடைத்தால் இரண்டு மூன்று தடவை நீர் மாற்றி அதில் இடுங்கள். தொட்டியின் அடியில் வெண்மையான துகள் இன்னும் தெரிந்தால் வேலை முடியவில்லை. அமிலத்துக்குப் பிறகு காய்ச்சி வடித்த நீரில் பல தடவை அலசி, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். பிறகு ஒரு சோதனை: அதே நீரால் உடலை நனைத்து உலரவிட்டு, திரும்ப நனைத்து, ஒரு நாள் முழுவதும் இப்படியே விட்டுப் பாருங்கள். எங்காவது செம்புள்ளி தோன்றினால் அங்கே இரும்பு பதிந்திருக்கிறது. குளியலைத் திரும்பச் செய்யுங்கள். தோன்றாவிட்டால் கடிகாரத்தைப் பூட்டக் கொடுக்கலாம்.

செயினை ஏன் வேண்டாம் என்றேன் என்று சொல்லவில்லை. அதில் ஒவ்வொரு கண்ணிக்கும் இடையில் ஊசி, குழாய், நுண்ணிய இடைவெளி என்று மணி போய் ஒளிந்துகொள்ள இடங்கள் ஏராளம். ஒளிந்த மணி ஒவ்வொரு அசைவிலும் ஊசியை அரத்தால் ராவுவதுபோல் தேய்க்கும். ஒவ்வொரு கண்ணியையும் கழற்றிச் செய்தால் சரி, ஆனால் பல பழைய செயின்களில் கண்ணிகள் கழலவே மாட்டா. அதைவிடப் பெரிய காரணம், மங்கல் பரப்பில் விழுந்த கீறலை அந்த இடத்தில் மட்டும் சரிசெய்ய முடியாது, முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். மேசையிலும் மடிக்கணினியிலும் நாள் முழுவதும் உரசும் செயினில் இரண்டு வாரத்திலேயே மினுங்கும் கோடுகள் விழும். செயினை இழையோடும் வகையாக விட்டுவிட்டால், சமையலறைப் பச்சைத் தேய்ப்பான் போன்ற ஒரு நைலோன் திண்டால் ஒரே திசையில் இழுத்து வீட்டிலேயே எப்போதும் புதுப்பிக்கலாம். மங்கலான உடலும் இழையோடும் செயினும் ஒன்றாக நன்றாகத்தான் இருக்கும்.

மணியடித்த பரப்புக்கு மெருகிட்ட பரப்பைவிடப் பராமரிப்பு கூடுதலாக வேண்டும். கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் படியும் தேயிலைச் சாய நிறக் கறை, அலையடிக்கும் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீற்றருக்குள் அதிகம் காணப்படுகிறது; அதைத் தவிர்க்க மேற்பரப்பின் சராசரிச் சொரசொரப்பு 0.5 மைக்ரோனுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது கட்டடத் துறையின் பொது விதி. மணியடித்த பரப்பு பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடும், அதன் நுண்குழிகளில் உப்பும் வியர்வையும் தங்கும். காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருக்கும் வீடுகளில் பால்கனிக் கைப்பிடிகள் சில மாதங்களில் பழுப்பேறுவதை நீங்களே கண்டிருப்பீர்கள். கைக்கடிகாரத்துக்கு இது பெரிய பிரச்சினையாகாததற்குக் காரணம், அதை மழைக்கும் காற்றுக்கும் விட்டுவிடாமல் தினமும் கையில் எடுக்கிறோம் என்பது மட்டுமே. இரவில் கழற்றும்போது நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வையுங்கள். கடலில் குளித்த நாளில் உடனேயே. புதிதாக அடித்த பரப்பில் முதற் சில வாரங்கள் விரல் எண்ணெய் கருந்திட்டுகளாகத் தெரியும். சவர்க்கார நீரில் மென்மையான பற்தூரிகையால் தேய்த்தால் போய்விடும், பிறகு நிறம் தானாக ஒருமித்துவிடும்.

பூட்டும்போது பழைய இறப்பர் வளையங்களைத் திரும்பப் போட அனுமதிக்க வேண்டாம். கண்ணாடி, பின்மூடி, சாவி மூன்றுக்கும் புதியவை போடச் சொல்லுங்கள். எல்லாம் பூட்டிய பின் அமுக்கச் சோதனைக் கருவி வைத்திருக்கும் திருத்துபவரிடம் கொடுத்து நீர்த்தடுப்பைச் சோதித்துக்கொள்ளுங்கள். முகப்பில் 200 மீற்றர் என்று எழுதியிருப்பது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளுக்கான வாக்கு. உடலைக் கழற்றி, தேய்த்து, அடித்து, அமிலத்தில் இட்ட பிறகு, சோதனையில் தேறும்வரை அதைக் கை கழுவும் தண்ணீருக்குக்கூடக் கொண்டுபோகாதீர்கள்.